கலர் கிரேடிங்: ‘தரப்படுத்தல்’ இல்ல, ‘சாயலூட்டல்’

வீடியோ எடிட் பண்றவங்க தினமும் சொல்ற சொல்லு கலர் கிரேடிங், அதாவது எடுத்த படத்துக்கு நிறத்தால ஒரு குணம் குடுக்கிற வேலை. இதைத் தமிழ்ல எழுதணும்னு வரும்போது நிறைய பேர் ‘வண்ணத் தரப்படுத்தல்’னு எழுதிடறாங்க. கிரேடுன்னா தரம், முதல் தரம் ரெண்டாம் தரம்னு பிரிக்கிறோமே அந்தத் தரம்னு எடுத்துக்கிட்டதால வந்த வினை இது. ஆனா இந்த வேலையைப் பாக்குற கலரிஸ்ட் எந்த ஷாட்டையும் நல்லது மட்டம்னு பிரிக்கிறதில்ல. அவர் செய்ற வேலைக்கும் அந்தத் தரத்துக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

கிரேடு லத்தீன்ல இருந்து வந்த சொல்லு, மூலம் ‘கிராடுஸ்’, அதுக்குப் பொருள் காலடி, படி. படிப்படியா ஏறுறதும் படிப்படியா மாறுறதும்தான் அதோட உயிர். சினிமா லேப்ல இந்தச் சொல்லு புழங்கினதும் இந்தப் படிங்கிற அர்த்தத்துக்கு ரொம்பப் பொருத்தமாத்தான் இருக்கு. நெகட்டிவ்ல இருந்து பிரிண்ட் போடும்போது பிரிண்டர் மெஷின்ல சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வெளிச்சம், ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 50 வரைக்கும் படிகள், நடுவுல 25 வாக்குல வச்சுக்கிட்டு ஷாட்டுக்கு ஷாட்டு இதுல ரெண்டு படி ஏத்து, அதுல மூணு படி இறக்குன்னு எழுதிக் குடுப்பாங்க. எழுதிக் குடுக்கிறவர் பிரிட்டன்ல கிரேடர், அமெரிக்காவுல டைமர், ஆக ஒரே வேலைக்கு பிரிட்டன்ல கிரேடிங், அமெரிக்காவுல டைமிங். இதுல ஒரு விசயம் கவனிங்க, சிவப்பு லைட்ட ஏத்தினா பிரிண்ட்ல சிவப்பு ஏறாது, சியான், அதாவது நீலப்பச்சைப் பக்கம்தான் போகும், ஏன்னா பிரிண்ட் ஃபிலிமும் வெளிச்சம் பட்ட இடத்துல அடர்த்தி ஆகுற சரக்குதான். இதையெல்லாம் தலையிலயே கணக்குப் போட்டு வேலை பாத்தவங்க அவங்க.

இந்தப் பழைய கதை எதுக்குன்னா, கேமரால ஃபில்டர் போட்டு எடுக்கிற நிறத்தை எடிட்டிங்ல திரும்பக் கொண்டு வர்றதுக்கான சாவி இங்கதான் இருக்கு. லென்ஸ் முன்னாடி 85-ம் நம்பர் ஆரஞ்சு ஃபில்டர் போடுறாங்கன்னு வைங்க. பல்பு வெளிச்சத்துக்குன்னு செஞ்ச 3200 கெல்வின் டங்ஸ்டன் ஃபிலிமை 5500 கெல்வின் பகல் வெளிச்சத்துல ஓட்டணும்னா அதுதான் வழி, அந்த ஃபில்டர் நீல வெளிச்சத்துல பெரும் பகுதியைத் தடுத்துடும், மொத்தத்துல முக்கால் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் கம்மியா வெளிச்சம் போயிடும் (ஒரு ஸ்டாப்புன்னா வெளிச்சம் பாதியாகுறது). கணக்குன்னு பாத்தா இது ஒரு பெருக்கல், வர்ற நீலம் எவ்வளவா இருந்தாலும் அதுல இத்தனை பங்குதான் உள்ள போகும். லாக் வீடியோவுல, அதாவது கேமரா வெளிச்சத்தைச் சுருக்கிப் பதியுற வீடியோவுல, மதிப்புகள் கிட்டத்தட்ட மடக்கை (லாகரிதம்) அளவுல இருக்கிறதால அங்க பெருக்கல் கூட்டல் கழித்தலா மாறிடும், அதனால லாக் கிளிப்ல படம் முழுக்க நிறத்தை ஒரே அளவு நகர்த்துற ஆஃப்செட் சக்கரத்தைத் திருப்புறதுங்கிறது ஏறக்குறைய கேமரா முன்னாடி கலர் கண்ணாடி மாட்டுறதுக்குச் சமம். பிரிண்டர் லைட்டோட படிகளும் மடக்கை அளவுதான், அதனாலதான் டாவின்சி ரிசால்வ்ங்கிற கிரேடிங் மென்பொருள்ல பிரிண்டர் லைட்டுன்னே தனி வசதி இன்னைக்கும் வச்சிருக்காங்க. ஃபில்டர் மாதிரி வரணும்னு லிஃப்ட் (நிழல்), காமா (நடுத்தரம்), கெயின் (வெளிச்சம்) மூணையும் தனித்தனியா உருட்டி நிழல்ல ஒரு கலர் வெளிச்சத்துல ஒரு கலர்னு ஆக்கிட்டு, ஏன் ஃபில்டர் போட்ட மாதிரி வரலன்னு கேக்குறவங்க முதல்ல ஆஃப்செட்ட மட்டும் தொட்டுப் பாருங்க, படம் முழுக்க ஒரே கண்ணாடி வழியா பாத்த மாதிரி ஒண்ணாச் சேரும்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இங்க ரெண்டு வேலை இருக்கு, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக்கூடாது. வெள்ளையை வெள்ளையா ஆக்குறது, ஒரே சீன்ல ரெண்டு ஷாட்டு ஒத்துப்போற மாதிரி ஆக்குறது எல்லாம் கலர் கரெக்‌ஷன், அதுக்கு ‘நிறத் திருத்தம்’ கச்சிதமாப் பொருந்துது, மாத்தவே வேணாம். திருத்தினதுக்கு அப்புறம் இந்தப் படம் இப்படித்தான் இருக்கணும்னு ஒரு குணத்தைக் குடுக்கிறதுதான் கிரேடிங். அதுக்கு ‘நிறமூட்டல்’ சொல்லலாம்னு தோணும், ஆனா கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் ஏத்துறதுக்கு அந்தச் சொல்லைக் குடுத்தாச்சு, இங்க இழுத்தா குழப்பம்தான். படிங்கிற மூலத்தை அப்படியே பிடிச்சு ‘நிறப் படிமாற்றம்’னு சொல்லலாம், தப்பில்ல, ஆனா கேக்குறவனுக்கு அந்தச் சொல்லு ஒண்ணும் காட்டாது.

நான் சொல்ல வர்றது ‘சாயலூட்டல்’. சாயல்ங்கிறது எவ்வளவு செழிப்பான சொல்லு பாருங்க. ‘பொண்ணுக்கு அப்பா சாயல்’னு சொல்றப்ப அது ஒப்பு. துணியில ‘லேசா நீலச் சாயல் அடிக்குது’ன்னா அது நிறத்தோட மெல்லிய ஏற்றம். தொல்காப்பியம் உரியியல்ல ‘சாயல் மென்மை’ன்னு ஒரு நூற்பாவே இருக்கு. ஒப்பு, நிறம், மென்மை, இந்த மூணும்தானே நாம எடிட்டிங்ல தேடுறது? ஃபிலிம் மாதிரி இருக்கணும்னு சொல்றோம், அது ஒப்பு. டீல்ங்கிற கரும் நீலப்பச்சை பக்கம் போகணும்னு சொல்றோம், அது நிறம். டிஜிட்டல் கூர்மை கண்ணைக் குத்துதுன்னு சொல்றோம், அது மென்மை. ‘ஊட்டு’ங்கிறதும் நிறத்தோட ஏற்கெனவே பழகின வினை, செம்பஞ்சுக் குழம்பு ஊட்டிய பாதம்னு சொல்ற மரபு நமக்கு இருக்கு. மேல பூசுறது வேற, உள்ள இறங்குற மாதிரி ஊட்டுறது வேற.

சாயல்னு சொல்றதுல ஒரு நேர்மையும் இருக்கு. எடிட்டிங்ல வர்றது கேமராவுல நடந்ததோட சாயல்தான், அதுவே இல்ல. டிஃப்யூஷன் ஃபில்டரையே எடுத்துக்குங்க. இருட்டு ரூம்ல ஒரு பல்பு, ஃபில்டர் அந்த வெளிச்சத்துல கொஞ்சத்தைச் சிதறடிச்சு சுத்தி இருக்குற இருட்டுல பரப்பும், அழகா ஒரு ஒளிவட்டம் வரும். நான் ஆரம்பத்துல இதை எடிட்டிங்ல பண்ணப் பாத்து, கிளிப்ப டூப்ளிகேட் பண்ணி பிளர் குடுத்து ‘ஸ்க்ரீன்’ங்கிற பிளெண்ட் மோடுல மேல போட்டா பல்பு சுத்தி ஒண்ணுமே காணோம், ஒபாசிட்டிய ஏத்தினா படமே வெளுத்து சாம்பலா போச்சு. காரணம் பின்னாடிதான் புரிஞ்சுது. நிஜத்துல அந்தப் பல்பு பக்கத்துச் சுவரை விடப் பல மடங்கு பிரகாசம், ஆனா சென்சார்ல அது வெள்ளையில போய் முட்டி நின்னுடுது, அவ்வளவு வெளிச்சம் இருந்துதுங்கிற தகவலே கிளிப்ல இல்ல. அதனால லீனியர் ஒளிக்கு, அதாவது நிஜ வெளிச்சத்தோட விகிதத்துல இருக்குற மதிப்புக்கு மாத்தி, முட்டி நின்ன இடத்தை மட்டும் தனியாப் பிரிச்சு, அதோட மதிப்பைப் பல மடங்கு ஏத்திட்டு அப்புறமா பிளர் குடுத்து மூலத்தோட கூட்டணும். அப்பதான் அந்த வட்டம் உயிரோட வரும்.

ஹேலேஷனும் இதே குடும்பம்தான், ஆனா நிறம் வேற. ஃபிலிம்ல வெளிச்சம் எல்லா அடுக்கையும் தாண்டிப் போய் அடித்தளத்துல பட்டுத் திரும்பி வரும், திரும்பும்போது முதல்ல தொடுறது அடியில இருக்குற சிவப்பை உணரும் அடுக்கு, அதனாலதான் பளிச்சுனு இருக்குற விளிம்பைச் சுத்தி செம்மஞ்சள் கசியுது. சினிமா நெகட்டிவுக்குப் பின்னாடி ரெம்ஜெட்டுன்னு கறுப்புப் பூச்சு போட்டதுல ஒரு காரணம் இதைத் தடுக்கத்தான். இதையும் எடிட்டிங்ல செஞ்சிடலாம், பிளர் ஆன அடுக்குல சிவப்பை நிறைய விட்டு, பச்சையைக் கொஞ்சமா விட்டு, நீலத்தை அடைச்சிட்டா போதும். அளவு மட்டும் குறைவா வைங்க, பாக்குறவங்க கண்டுபிடிக்கிற அளவுக்குப் போச்சுன்னா ஜாஸ்தி.

டே ஃபார் நைட், அதாவது பகல்ல எடுத்து ராத்திரியாக் காட்டுறது, இதுக்கு ‘பகலிரவுப் பதிவு’ன்னு சொல்லிப் பாக்கலாம். எக்ஸ்போஷரை இறக்கி, நீலம் ஏத்தி, சாச்சுரேஷனைக் குறைக்கணும், வானம் ஃபிரேம்ல வராம பாத்துக்கணும், வந்துடுச்சுன்னா மாஸ்க் போட்டு அதைத் தனியா இருட்டாக்குறதுதான் கதி. மேல இருட்டா ஆரம்பிச்சு கீழ தெளிவாகுற கிராஜுவேட்டட் ஃபில்டருக்கு விளிம்பு மெத்துனு இருக்குற ஒரு விண்டோ, அதாவது படத்துல ஒரு பகுதியை மட்டும் பிடிக்கிற வடிவம் போதும், வானம் வெளுத்துப் போகாம இருந்தா.

போலரைசர் மட்டும் கைக்கு வராது. தண்ணி மேல, கண்ணாடி மேல இருக்குற பளபளப்பை அது வெளிச்சத்தோட அதிர்வுத் திசையை வச்சுத் தடுக்குது, கிளிப்ல அந்தத் திசை பதிவாகவே இல்ல, நிறமும் பிரகாசமும்தான் இருக்கு. கண்ணாடிக்குப் பின்னாடி இருக்குற முகம் பளபளப்புல மறைஞ்சு போச்சுன்னா எந்தச் சக்கரத்தைத் திருப்பினாலும் வராது. அந்த ஃபில்டரைக் கையோட கொண்டு போங்க.

டி.ஐ. பத்தியும் சொல்லிடறேன், ஏன்னா நம்மாளுங்க கிரேடிங்குன்னு சொல்ற இடத்துல ‘டி.ஐ. முடிஞ்சுதா’ன்னுதான் அதிகமாக் கேக்குறாங்க. டிஜிட்டல் இன்டர்மீடியேட்டோட சுருக்கம் அது, ‘எண்ணிம இடைப்படி’ன்னு சொல்லலாம். ஃபிலிம்ல எடுத்து, ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர்ல நிறம் பாத்து, திரும்ப ஃபிலிம்ல பதிஞ்ச காலத்துல நெகட்டிவுக்கும் பிரிண்டுக்கும் இடையில இருந்ததால இடைப்படி. 2000-ல வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்துல கோடைக்காலப் பச்சையை எல்லாம் காஞ்ச மஞ்சளா மாத்தினது இந்த முறைக்குப் பெரிய பேர் வாங்கிக் குடுத்துச்சு. இப்ப பெரும்பாலும் எடுக்கிறதும் டிஜிட்டல், காட்டுறதும் டிஜிட்டல், ரெண்டுக்கும் இடையில ஒண்ணுமில்ல, ஆனாலும் பேரு ஒட்டிக்கிச்சு.

அதனால டி.ஐ.க்கு இடைப்படின்னு எழுதினா வரலாறு சொல்றப்ப மட்டும் எழுதுங்க, வேலையைச் சொல்றப்ப சாயலூட்டல்னே போடுங்க. ‘முதல் ரீல் திருத்தியாச்சு, இன்னும் சாயலூட்டல’ன்னு நான் ரெண்டு மூணு நாளா சொல்லிப் பாத்துட்டேன், வாய்ல நல்லா உக்காருது.