ஓடும்போது மட்டும் வலிக்கும் கால்: இளம் வயதினரின் இரத்தக் குழாய் அடைப்பு

கால் இரத்தக் குழாயில் அடைப்பு என்றதும் முதுமையும் சர்க்கரை நோயும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அதனால், நாள்தோறும் ஓடிப் பயிற்சி செய்யும் 25 வயது இளைஞர் கெண்டைக்கால் வலிக்கிறது என்று சொன்னால், அது தசைப்பிடிப்பு என்றே கருதப்படுகிறது. களிம்பும் வலி மாத்திரையுமாகப் பல மாதங்கள் கழிந்த பிறகே இத்தகையவர்கள் இரத்தநாள மருத்துவர்களாகிய எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

ஏறக்குறைய ஒரே தூரம் ஓடியதும் தொடங்கி, நின்ற சில நிமிடங்களில் முழுவதுமாக அடங்கி, மறுபடி ஓடினால் திரும்பி வரும் வலியை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. முழங்காலுக்குப் பின்னால் செல்லும் தமனி பிறவியிலேயே பாதை மாறியிருந்தாலோ, கெண்டைக்கால் தசை இடம் மாறி எலும்பில் ஒட்டியிருந்தாலோ, பாதத்தை ஊன்றி உந்தும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசை தமனியை நெரிக்கிறது. 1879-இல் எடின்பரோவில் மருத்துவ மாணவராக இருந்த ஆண்டர்சன் ஸ்டூவர்ட், துண்டிக்கப்பட்ட ஒரு காலை ஆராய்ந்தபோது இந்த அமைப்பை முதன்முதலாக விவரித்தார். நெரிசல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் தமனியின் சுவர் தழும்பேறி, உள்ளே இரத்தம் உறைந்து, குழாய் முழுவதுமாக அடைபடலாம்.

படுத்திருக்கும்போது இவர்களில் பலருக்குப் பாதத்தின் நாடித்துடிப்பு இயல்பாகவே இருக்கும். இரத்த ஓட்டத்தைக் காட்டும் சாதாரண டாப்ளர் ஸ்கேனிலும் குறை தெரியாது. ஆகவே பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லி ஸ்கேன் செய்வதும், ஓடச் செய்த உடனேயே கணுக்காலில் இரத்த அழுத்தத்தை அளப்பதும் இன்றியமையாதவை. ஒரு காலில் கோளாறு உறுதியானால், வலியே இல்லாவிட்டாலும் மற்றக் காலையும் சோதிக்க வேண்டும்.

காரணம் இது ஒன்றே அல்ல. தமனிச் சுவருக்குள் கூழ் போன்ற திரவம் நிறைந்த நீர்க்கட்டி உருவாகிப் பாதையைக் குறுக்கலாம். முழங்காலை நன்கு மடக்கும்போது பாதத்தின் நாடி மறைவது அதன் அடையாளங்களில் ஒன்று. பல ஆண்டுகள் தீவிரமாகச் சைக்கிள் ஓட்டும் வீரர்களுக்கு, இடுப்புப் பகுதித் தமனியின் உட்சுவர் தடித்து, முழு வேகத்தில் மிதிக்கும்போது தொடை சோர்ந்து வலிக்கும். இளம் வயதில் புகையிலை பயன்படுத்துவோருக்கு வரும், கை கால்களின் இரத்தக் குழாய்கள் அழற்சியால் அடைபடும் பர்ஜர் நோயைப் பொறுத்தவரை, புகையிலையை அடியோடு விடுவதே முதன்மையான சிகிச்சை.

தசை நெரிக்கும் இடத்தில், குழாயை விரித்துவைக்கும் வலைக்குழலான ஸ்டென்ட் மட்டும் வைப்பதை நான் ஏற்பதில்லை. நெரிசல் நீங்காதவரை ஸ்டென்ட்டும் நசுங்கும், உடையவும் கூடும். தமனி கெடாத நிலையில் வந்தால் தசையை விடுவித்தாலே பெரும்பாலும் போதும். கெட்டுவிட்டால் நோயாளியின் சொந்தச் சிரையைக் கொண்டு பைபாஸ் செய்ய வேண்டியிருக்கும். கால் திடீரென்று வெளுத்து, குளிர்ந்து, மரத்துப்போனால், விடியும்வரைகூடக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.