கேஃபர் டேப்: ஒட்டுவதற்கு முன், எப்போது உரிப்போம் என்று கேளுங்கள்

மேடை ஒளி, ஒலி அமைப்பில் இருப்பவர்களின் பையில் ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் போனாலும் கேஃபர் டேப் இல்லாமல் போகாது. சென்னையின் சபாக்களிலும் திருமண மண்டபங்களிலும் நாங்கள் தரையில் ஒட்டும் அந்தக் கறுப்புத் துணி டேப், இப்போது இணையக் கடைகள் வழியாக வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் வந்துவிட்டது. வந்ததில் தவறில்லை. ஆனால் எதை வேண்டுமானாலும் இதை வைத்தே சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையும் கூடவே வந்திருக்கிறது. மிக்சியின் ஒயர், சமையல் எரிவாயுக் குழாய், விரிசல் விட்ட ஏணி என்று இது ஒட்டப்படவே கூடாத இடங்களில் எல்லாம் இதைப் பார்க்க நேர்வதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

பருத்தித் துணியை நெருக்கமாக நெய்து, மேற்புறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சும் அடிப்புறத்தில் ரப்பர் வகைப் பசையும் கொடுத்துச் செய்யப்படுவது இந்த டேப். துணி என்பதால் கத்தரிக்கோல் இல்லாமல் கையாலேயே குறுக்கே நேராகக் கிழிக்கலாம். மேற்பூச்சு மங்கலானது என்பதால் விளக்கொளி பட்டு மினுங்காது. பசை, வேலை முடிந்து உரிக்கும்போது தரையில் தங்காமல் டேப்போடு எழுந்து வரும். 1959ஆம் ஆண்டில் ராஸ் லோவல் என்ற அமெரிக்க ஒளியமைப்பாளர், படப்பிடிப்பு இடங்களில் சிறிய விளக்குகளைத் தற்காலிகமாகப் பொருத்துவதற்குத் துணி டேப் ஒன்றை உருவாக்கியதிலிருந்து இதன் வரலாற்றைச் சொல்வார்கள். தற்காலிகம் என்பதுதான் இங்கே முக்கியம். காலையில் ஒட்டி இரவில் உரித்து எடுக்கும் வேலைக்காகப் பிறந்த டேப் இது. அந்தக் குணத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் வேலைகளில் இதற்கு நிகர் இல்லை. நிரந்தரப் பழுதுபார்ப்புக்கு இதை நம்பினால் கைவிட்டுவிடும்.

வாங்கும்போதே ஒரு குழப்பம் உண்டு. சாம்பல் அல்லது வெள்ளி நிறத்தில் பளபளக்கும் டக்ட் டேப்பையும் பல கடைகளில் கேஃபர் டேப் என்றே எடுத்துக் கொடுக்கிறார்கள். பிளாஸ்டிக் படலத்துக்குள் அகலமான கண்ணிகள் கொண்ட நூல் வலையை வைத்து, அதிகப் பிடிப்புள்ள பசை தடவியது டக்ட் டேப். சில நாள் கழித்து உரித்தால் பசை தரையிலேயே தங்கி, அதன்மேல் தூசி படிந்து, கறுப்புக் கோடாக நிற்கும். மண்டப உரிமையாளர்கள் முன்பணத்தில் கழிப்பது பெரும்பாலும் இந்தக் கோடுகளுக்காகத்தான். வாங்குவதற்கு முன் முனையைக் கையால் கிழித்துப் பாருங்கள். நூல் நெருக்கமாகவும் கிழிசல் நேராகவும் இருந்து மேற்பரப்பு மினுங்காமல் இருந்தால் அது கேஃபர் டேப். பிரவுன் டேப்பைவிடப் பல மடங்கு விலை என்பது உண்மைதான். அந்தக் கூடுதல் விலை, சுத்தமாக உரிந்து வருவதற்கான விலை.

இதன் தலையாய பயன், நடக்கும் வழியில் குறுக்கிடும் கேபிளைத் தரையோடு படிய வைப்பது. எளிமையாகத் தெரிந்தாலும் இதைச் சரியாகச் செய்பவர்கள் குறைவு. முதலில் தரையைப் பெருக்கி, ஈரமிருந்தால் துடைத்துக் காயவிட வேண்டும். கல்யாண மண்டபத் தரையில் பூவிதழும் கோலப்பொடியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும்போது எவ்வளவு நல்ல டேப்பாக இருந்தாலும் அது பொடியைத்தான் பிடிக்குமே தவிரத் தரையைப் பிடிக்காது. கேபிளை முறுக்கில்லாமல் நேராக விட்டு, ஏறத்தாழ ஒரு மீட்டருக்கு ஒன்றாகச் சிறு துண்டுகளைக் குறுக்கே ஒட்டி நிறுத்திய பிறகுதான் நீளவாக்கில் ஒட்ட ஆரம்பிக்க வேண்டும். கேபிள் டேப்பின் சரிநடுவில் வர வேண்டும். ஒட்டிக்கொண்டே போகும்போது கேபிளின் இருபக்கமும் விரல் நுனியாலோ ஷூவின் ஓரத்தாலோ அழுத்திக்கொண்டு போனால் டேப் தரையைக் கவ்விப் பிடிக்கும். வழக்கமான 48 மி.மீ. அகல டேப் ஒரே ஒரு கேபிளுக்குப் போதுமானது. மூன்று நான்கு கேபிள்களை அதன் அடியில் திணித்தால் ஓரங்களில் தரையைப் பிடிக்க இடமே மிஞ்சாது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் தட்டையாக விரித்து, ஒன்றின்மேல் ஒன்று சற்றே ஏறும்படி இரண்டு மூன்று பட்டைகள் ஒட்ட வேண்டும்.

மிஞ்சிய கேபிளைச் சுருட்டி அதன்மேல் டேப் ஒட்டுவது ஆபத்தான பழக்கம். அதிக மின்சுமை ஓடும் கேபிள் சுருளாக இருந்தால் அதன் வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளேயே சேரும். மேலே துணியும் டேப்பும் மூடியிருந்தால் காப்புறை இளகும் அளவுக்குச் சூடேறக்கூடும். இதே காரணத்தால்தான் விளக்குகளுக்கும் ஹீட்டருக்கும் போகும் மின்கேபிளை ஜமக்காளத்துக்கு அடியில் விடக்கூடாது என்று எங்கள் பையன்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மைக் கேபிளில் ஓடுவது மிகச் சிறிய மின்சாரம் என்பதால் அதற்கு இந்த வெப்பப் பிரச்சினை கிடையாது.

நாட்டிய மேடைகளில் இன்னொரு கவனம் தேவை. வெறுங்காலில் ஆடுபவர்களின் பாதம், கண்ணுக்குத் தெரியாத டேப் ஓரத்தைக்கூட உணரும். ஓரம் சற்றே எழும்பியிருந்தால் சலங்கையின் மணி அதில் மாட்டிக்கொள்ளும். ஆடும் பரப்பில் கேபிளே வரக்கூடாது. மேடையின் மையத்தைக் குறிக்க ஒட்டும் சிறு சிலுவைக் குறியைக்கூட நகத்தால் ஓரம் தேய்த்துப் படிய வைத்துவிட்டு, ஒரு முறை உள்ளங்காலால் தடவிப் பார்ப்பது நல்லது.

அலுவலகங்களில் நடப்பது வேறு கதை. ஒரு நாள் கூட்டத்துக்காகப் புரொஜெக்டர் ஒயரின்மேல் ஒட்டிய டேப் ஆறு மாதம் அங்கேயே கிடக்கும். நாற்காலிச் சக்கரங்கள் ஏறி இறங்கி, தரை துடைக்கும் தண்ணீர் ஊறி, ஓரங்கள் சுருண்டு, எந்தத் தடுக்கலைத் தவிர்க்க ஒட்டினார்களோ அதற்கு அதுவே காரணமாகும். அடியில் கேபிள் நசுங்கியிருப்பதும் வெளியே தெரியாது. சில நாள்களுக்கு மேல் ஒயர் அங்கேதான் இருக்கப்போகிறது என்றால் சுவரோரம் ஒயரை உள்ளே விட்டு மூடும் பி.வி.சி. கேசிங் அடித்துவிடுங்கள், நடைபாதையைக் கடந்தே ஆக வேண்டுமானால் ரப்பரால் ஆன தரைக் கேபிள் மூடி போடுங்கள். தள்ளுவண்டி போகும் வாசல்களுக்கு ஒரு நாள் வேலையானாலும் அந்த மூடிதான் சரி.

இனி, உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். கேஃபர் டேப்பும் இன்சுலேஷன் டேப்பும் கறுப்பு நிறத்தில் கிடைப்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இன்சுலேஷன் டேப் பி.வி.சி.யால் ஆனது, மின்காப்புக்காகவே சோதிக்கப்படுவது, இந்தியாவில் அதற்கென்று ஐ.எஸ். 7809 என்ற தரநிலையே இருக்கிறது. அது இழுத்தால் நீளும், இழுத்துச் சுற்றியபின் தானே சுருங்கி இணைப்பை இறுக்கிக்கொள்ளும். கேஃபர் டேப் நீளாது. ஒயரைச் சுற்றினால் மடிப்பு விழும், மடிப்புகளுக்கிடையே காற்றும் ஈரமும் புகும். ஒரு வீட்டுச் சமையலறையில் மிக்சி ஒயரில் சுற்றியிருந்த கேஃபர் டேப்பை உரித்தபோது, மேலே பார்க்கக் காய்ந்திருந்த துணிக்கு அடியில் மாவுத் தண்ணீர் ஊறிப் பசை கூழாகியிருந்தது. செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. தொடுபவரின் கைக்கும் 230 வோல்ட் மின்சாரத்துக்கும் நடுவே இருந்தது ஈரம் குடித்த அந்தத் துணி மட்டும்தான். காப்புறை பிய்ந்த ஒயருக்குச் சரியான சிகிச்சை ஒயரையே மாற்றுவது. பிளக்குக்கு அருகே பிய்ந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதிதாகப் பிளக் மாட்டலாம். சாதனத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே எதையும் தொட வேண்டும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இல்லையென்றால் எந்த டேப்பும் வாங்குவதற்கு முன் அதைப் பொருத்துங்கள்.

மின்சுமை மிஞ்சினால் தானே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சான எம்.சி.பி. அடிக்கடி விழுந்தால், அதன் நெம்பைத் தூக்கி வைத்து டேப் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள். நெம்பைப் பிடித்து வைத்திருந்தாலும் உள்ளே இணைப்பு துண்டிக்கும்படிதான் முறையான எம்.சி.பி. அமைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே அந்த டேப்பால் கிடைக்கும் பலன் ஒன்றுமில்லை. எம்.சி.பி. விழுந்திருப்பது பார்வைக்குத் தெரியாமல் போவதும், அவசரத்தில் அணைக்க முடியாமல் போவதும்தான் மிச்சம். பட்டறை இயந்திரங்களில், கதவு திறந்தால் ஓட்டத்தை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்சை டேப்பால் அழுத்தி வைப்பது இதைவிட மோசம். அதை நான் பார்த்தால் அங்கேயே வேலையை நிறுத்திவிடுவேன்.

எரிவாயுக் குழாய் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: எந்த டேப்பும் கூடாது. குழாயில் வெடிப்புத் தெரிந்தால் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் குழாயை மாற்றுங்கள். வாயு நாற்றம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் சன்னல்களைத் திறந்துவிட்டு, வீட்டுக்கு வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணை அழையுங்கள். தண்ணீர்க் குழாயின் மரைக்கு டெஃப்லான் டேப் இருக்கிறது. விரிசல் விட்ட ஏணிக்கும் ஹெல்மெட்டுக்கும் டேப் ஒட்டுவது விரிசலை மறைக்கிறதே தவிர அடைப்பதில்லை.

தலைக்கு மேல் எதையும் டேப்பால் தொங்கவிடாதீர்கள். விளக்கின் சூட்டில் பசை இளகும். மாலையில் உறுதியாக நின்றது நள்ளிரவில் விழும். மேடையில் கிளாம்ப் மாட்டிய விளக்குக்கே தனியாக ஓர் இரும்புக் கம்பிவடத்தைப் பாதுகாப்புக்காகக் கோத்துவிடுவது எங்கள் தொழில் வழக்கம். அப்படியிருக்க, அலங்கார வளைவில் டேப்பால் ஒட்டிய ஸ்பாட் லைட்டுக்குக் கீழே குழந்தைகள் நின்று படமெடுத்துக்கொள்வதைப் பார்க்க மனம் பதறுகிறது.

இவ்வளவு தடைகளுக்குப் பிறகும் வீட்டில் இதற்கு நிறைய வேலை உண்டு. சுத்தியலின் பிடியில் சுற்றினால் வியர்வைக் கை வழுக்காது. முனை பிரியும் கயிறு, முதுகு கழன்ற பாடப்புத்தகம், பயணத்தின் நடுவே வாய் பிளந்த செருப்பு, பகலில் உறங்க வேண்டிய இரவுப் பணிக்காரரின் சன்னல் இடுக்கு, பெட்டிமேல் பெயர் எழுதும் பட்டை என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். வண்ண டேப்பைக் கேபிள் முனைகளில் ஒட்டி அடையாளம் வைத்தால் டிவிக்குப் பின்னால் தேடும் நேரம் மிச்சம். சுவரில் ஒட்டும்போது மட்டும் பாருங்கள்: டிஸ்டெம்பரும் சுண்ணாம்பும் டேப்போடு சேர்ந்து வந்துவிடும். அந்த இடத்துக்கு மாஸ்கிங் டேப் போதும்.

உரிப்பதற்கும் முறை உண்டு. கேபிளைப் பிடித்து மேலே இழுத்தால் டேப் அதையே சுற்றிக்கொண்டு கயிறுபோல் முறுக்கிவிடும். டேப்பின் முனையைப் பிடித்து, தரையை ஒட்டினாற்போல் பின்னோக்கி மடித்து மெல்ல இழுக்க வேண்டும். கேபிளில் பசை தங்கிவிட்டால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, துணியில் சில சொட்டு நீலகிரித் தைலம் விட்டுச் சற்று ஊறவைத்துத் துடைத்தால் போய்விடும்; முதலில் ஓரமாகச் சிறு இடத்தில் தேய்த்துப் பாருங்கள், அடுப்புக்கு அருகில் செய்யாதீர்கள். தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். மீதமுள்ள சுருளின் முனையை அரை அங்குலம் உள்பக்கமாக மடித்து, வெயிலில் நிற்கும் கார் டிக்கியில் போடாமல், அலமாரியில் படுக்கை வாட்டில் வையுங்கள்.