சுவிட்சுக்கு எண்ணெய் விடாதீர்கள், தயவுசெய்து

போன வாரம் ஒரு பெரியவர் கொண்டுவந்த டார்ச்சின் பின்மூடியைத் திருகியதும் முதலில் வந்தது வாசனைதான். தேங்காய் எண்ணெய், அதுவும் சிக்கு வாடை அடிக்கும் பழைய எண்ணெய். ஸ்பிரிங் முழுக்கக் கண்மை மாதிரி கறுப்பாக ஒரு மசி. "சுவிட்சு போயிருச்சு தம்பி, அதை மட்டும் மாத்திக் குடு" என்றார். இந்த மழைக்காலம் ஆரம்பித்ததிலிருந்து இது ஏழாவதோ எட்டாவதோ எண்ணெய் டார்ச். இன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து எழுதுவது அதனால்தான்.

பெரியவர் ராத்திரி மோட்டார் போட வயலுக்குப் போயிருக்கிறார். வரப்பில் பாதி தூரம் போனதும் லைட் அணைந்திருக்கிறது. வழக்கம்போல உள்ளங்கையில் நாலு தட்டு தட்டியிருக்கிறார். எரிந்தபோது இரண்டடி முன்னால் கட்டுவிரியன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுவிரியன் பகலெல்லாம் எங்காவது பதுங்கிக் கிடந்துவிட்டு இருட்டிய பிறகு இரை தேடுகிற பாம்பு, அதாவது இவர் மோட்டார் போடப் போகிற அதே நேரத்தில் அதுவும் வேலைக்குக் கிளம்பும். "தட்டினா எரியுதே, அப்புறம் என்ன" என்று ஆறு மாதமாக அதே டார்ச்சை ஓட்டியிருக்கிறார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "சுவிட்ச் போச்சு" என்று என் மேஜைக்கு வருகிற டார்ச்களில் பாதிக்கு மேல் சுவிட்சுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பின்மூடிக்குள் இருக்கும் வளையம் தளர்ந்திருக்கும், மரையில் அழுக்கேறியிருக்கும், பேட்டரி கசிந்திருக்கும், இல்லை ஸ்பிரிங் படுத்துப்போயிருக்கும். அணைவதும் எரிவதும் சுவிட்சை அழுத்தும்போது நடப்பதால் பழி முழுக்க சுவிட்ச் மேல் விழுகிறது.

சரி, எண்ணெய்க்கு வருகிறேன். "ரெண்டு சொட்டு விட்டேன், உடனே எரிஞ்சுதே" என்று எல்லோரும் சொல்கிறார்கள். பொய் சொல்லவில்லை, எரிந்திருக்கும். ஆனால் எரியவைத்தது எண்ணெய் இல்லை. எண்ணெய் விட்டவர் சும்மா இருந்திருப்பாரா, சுவிட்சை முன்னும் பின்னுமாகப் பத்துப் பதினைந்து தடவை தள்ளியிருப்பார், அந்தத் தேய்ப்பில் தகட்டில் படிந்திருந்த களிம்பு கொஞ்சம் உரிந்து உலோகம் உலோகத்தைத் தொட்டிருக்கும். வேலை செய்தது உங்கள் கட்டைவிரல், பேர் வாங்கியது எண்ணெய். எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குள் எண்ணெய் நிரப்பி வைத்திருப்பது சூட்டைத் தணிக்க மட்டும் இல்லை, உள்ளே கரண்ட் தாவாமல் இருக்கவும்தான். அப்படிப்பட்ட சாமானை, கரண்ட் போகவேண்டிய இடத்திலேயே கொண்டுபோய் விடுகிறீர்கள்.

அதிலும் தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குகிறோமே, அதே எண்ணெய்தானே சுவிட்சுக்குள்ளும் இருக்கிறது? பனிக்காலத்தில் தகட்டுக்கு நடுவே மெழுகு வைத்த மாதிரி ஆகிவிடும். வெயில் காலத்தில் உருகித் தூசியைக் குழைத்துக்கொள்ளும், ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் வருகிற சின்னப் பொறியில் கருகும். அந்தக் கண்மை அதுதான். மண்ணெண்ணெய், கிரீஸ், சைக்கிள் கடை ஆயில் எல்லாவற்றுக்கும் இதே பதில். "தையல் மிஷின் எண்ணெய் சுத்தமானது சார்" என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். சுத்தமானதுதான், தையல் மிஷினுக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் (தொடுமுனையைச் சுத்தம் செய்கிற ஸ்பிரே) என்று கேளுங்கள், தருவார்கள். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு அடித்து, சுவிட்சை இருபது தடவை தள்ளி, நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். அது கிடைக்காவிட்டால் வெறும் கட்டைவிரல் வைத்தியமே போதும், எண்ணெய் வேண்டாம்.

தட்டுவதைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். தட்டினால் தொடுப்பு கொஞ்ச நேரம் சேரும், அழுக்கு அப்படியேதான் இருக்கும். பழைய குண்டு பல்பு டார்ச்சுகள் பொறுமைசாலிகள். 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர் பல்பு, வழியில் ஒரு ஓம் தடை இருந்தாலும் 0.3 வோல்ட்தான் நட்டம், கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். இன்றைய எல்இடி டார்ச்சில் ஒரே லித்தியம் பேட்டரியிலிருந்து ஒன்றரை ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள், அரை ஓம் அழுக்கு முக்கால் வோல்ட்டைத் தின்றுவிடும். பேட்டரியில் 3.7 இருந்தாலும் எல்இடிக்குப் போய்ச்சேருவது மூன்றுக்கும் கீழே, அந்த எல்இடிக்கே மூன்று வோல்ட் அளவுக்கு வேண்டும். அதனால்தான் புதுப் பேட்டரியில் எரிகிறது, இரண்டு நாளில் "பேட்டரி டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறீர்கள்.

இன்னொரு வேடிக்கை இருக்கிறது. அதிக வெளிச்சம், குறைந்த வெளிச்சம், மின்னல் மாதிரி விட்டுவிட்டு எரிவது என்று மூன்று நிலை உள்ள டார்ச்சுகளில், சுவிட்சை லேசாக அழுத்தி விட்டால் நிலை மாறும். கரண்ட் ஒரு நொடிக்கும் குறைவாக நின்று மறுபடி வருவதைத்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் 'அழுத்தினார்கள்' என்று எடுத்துக்கொள்கிறது. மூடி தளர்ந்து, நடக்கிற அதிர்ச்சியில் தொடுப்பு விட்டுவிட்டு வந்தாலும் அதற்கு அப்படித்தான் தெரியும். "சர்க்யூட் போயிருச்சு, தானா மாறுது" என்று கொண்டுவருகிறார்கள். மூடியை அரைத் திருகு இறுக்கிக் கையில் கொடுத்தால் என்னைச் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. உலோக உடம்புள்ள டார்ச்சில் பின்மூடியைக் கழற்றுங்கள், பேட்டரியின் அடிப்பகுதி தெரியும். ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை அந்த அடிப்பகுதியிலும் மறுமுனையைக் குழாயின் விளிம்பிலும் வையுங்கள். பெயிண்ட் பூச்சு மேல் வைத்தால் கரண்ட் போகாது, வெறும் உலோகம் பளபளக்கும் விளிம்பில்தான் வைக்கவேண்டும். நன்றாக எரிந்தால் கோளாறு மூடிக்குள் இருக்கிறது. எரியாவிட்டால் சுவிட்சைத் திட்டாதீர்கள், பேட்டரியையும் முன்பக்கத்தையும் பாருங்கள். மல்டிமீட்டர் வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: பீப் சத்தம் வந்தால் சுவிட்ச் நல்லது என்று அர்த்தம் இல்லை. பத்து இருபது ஓம் இருந்தாலே பல மீட்டர்கள் பீப் அடித்துவிடும். டார்ச்சை எரியவிட்டு, சுவிட்சின் இரண்டு காலுக்கும் நடுவே எத்தனை மில்லிவோல்ட் விழுகிறது என்று பாருங்கள், அப்போதுதான் குட்டு வெளிப்படும்.

மூடிக்குள் எட்டிப் பார்த்தால் இரண்டு சின்ன ஓட்டையோ வெட்டோ உள்ள ஒரு வளையம் தெரியும். பெரியவருடைய டார்ச்சில் அது முக்கால் சுற்று தளர்ந்திருந்தது. நோஸ் பிளையரின் இரண்டு மூக்கையும் அந்த ஓட்டைகளில் வைத்துத் திருகினேன், இறுகிவிட்டது. உள்ளே இருந்த எண்ணெய் மசியைத் துடைத்தெடுக்கத்தான் அரை மணி நேரம் ஆனது. மரையையும் விளிம்பையும் துணியால் துடையுங்கள், தொடுமுனையைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள். எடுத்த எடுப்பிலேயே உப்புத்தாள் வேண்டாம், ஸ்பிரிங் மேல் இருக்கும் நிக்கல் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போன பிறகு எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்போது பரணிலிருந்து இறக்கிய டார்ச்சுகளாகவே வந்து குவிந்தன, பேட்டரிக் கட்டையை உள்ளேயே விட்டுவிட்டு வருஷக்கணக்கில் மறந்துபோனவை. சால்டரிங் அயர்னுக்கும் கரண்ட் இல்லாததால் சுவிட்ச் மாற்றவே வழியில்லை. எலுமிச்சம்பழம், சமையல் சோடா, பழைய பல் பிரஷ், உப்புத்தாள், இவ்வளவுதான் என் பட்டறை. அதிலேயே முக்கால்வாசி எரிந்தன. ஆனால் எதற்கு எது என்று தெரியவேண்டும். ஆல்கலைன் என்று எழுதியிருக்கும் பேட்டரி கசிந்தால் அது காரம், அதற்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ. சாதாரணக் கட்டை கசிந்தால் அது புளிப்புப் பக்கம், அதாவது அமிலம், அதற்கு சமையல் சோடாவைக் குழைத்துப் போடவேண்டும், எலுமிச்சை விட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதைதான். பிறகு ஈரத்துணியால் துடைத்து, முழுசாகக் காயவையுங்கள். அந்தப் பொடியைத் தொட்ட கையோடு கண்ணைக் கசக்காதீர்கள்.

தள்ளு சுவிட்ச் உள்ள பழைய பித்தளை டார்ச்சில் பார்க்கவேண்டியது உள்ளே இருக்கும் தகட்டை. வளைவு போய்ப் படுத்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு நூலளவு தூக்கிவிடுங்கள், அதற்கு மேல் தூக்கினால் ஒடிந்துவிடும். ரிவெட் ஆடினால் சுத்தியால் ஒரு தட்டு. தட்டுவதற்கு நான் அனுமதி கொடுப்பது இங்கே மட்டும்தான்.

நிஜமாகவே சுவிட்ச் போயிருந்தால், அழுத்தும்போது 'டிக்' என்று நிற்காமல் தொளதொளவென்று இருந்தால், மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை. பழசைக் கையில் கொண்டுபோய் அதே அளவில், அழுத்தினால் நிற்கிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். சால்டர் வைக்கும்போது ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் சூடு காட்டாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் இளகி, புது சுவிட்ச் போட்ட அன்றைக்கே பழசாகிவிடும்.

இனி திட்டப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பின்னால் இரண்டு பின் நீட்டிக்கொண்டு நேராக பிளக்கில் செருகுகிற மலிவான சார்ஜ் லைட் இருக்கிறதே, அதில் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. 230 வோல்ட்டுக்கும் உள்ளே இருக்கும் 4 வோல்ட் பேட்டரிக்கும் நடுவே ஒரு கெபாசிட்டரும் நாலு டயோடும்தான். பிளக்கில் இருக்கும்போது உள்ளே எந்த ஒயரைத் தொட்டாலும் லைனைத் தொட்ட மாதிரிதான். போன வருஷம் ஒரு பையன் மூடியைத் திறந்துபோட்டு, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே சுவிட்ச் காலை விரலால் அழுத்திப் பார்த்திருக்கிறான். தூக்கி அடித்தது, காலில் செருப்பு இருந்தது, பிழைத்தான். "நாலு வோல்ட் பேட்டரிதானே அண்ணே" என்கிறான் என்னிடம். பிளக்கிலிருந்து பிடுங்கி, கொஞ்ச நேரம் விட்டு, அப்புறம் திறங்கள். சார்ஜ் ஏறும்போது எரியவைத்துப் பார்க்கவும் வேண்டாம்.

தொடுப்பு இறுகட்டும் என்று லித்தியம் பேட்டரியில் சிகரெட் பெட்டி ஜிகினாத் தாளை உருட்டிச் செருகுவதும் அதே ரகம். பழைய கட்டைக்கு அது தாங்கும். 18650 என்கிற உருளை லித்தியம் பேட்டரியின் உடம்பு முழுக்க நெகடிவ், மேல்முனையில் மட்டும்தான் பாசிடிவ், நடுவே காப்பது அந்த மெல்லிய பிளாஸ்டிக் தோல். அது கிழிந்த இடத்தில் ஒரு தாள் நழுவிப் பட்டால் ஷார்ட் ஆகிக் கையைப் பொசுக்கும், சில சமயம் தீயே பிடிக்கும். தோல் கிழிந்த பேட்டரியைப் போடாதீர்கள். சுவிட்ச் வேண்டாம் என்று பேட்டரி மேலேயே ஒயரை சால்டர் பண்ணிக்கொண்டு வராதீர்கள், நான் தொடமாட்டேன்.

அப்புறம் ஒரு சின்ன வேண்டுகோள். ரிப்பேருக்குக் கொண்டுவரும்போது டார்ச்சுக்குள் என்ன பேட்டரி இருந்ததோ அதோடேயே கொண்டுவாருங்கள். வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வெறும் கூட்டை நீட்டினால், என்னிடம் இருக்கும் நல்ல பேட்டரியில் அது ஜம்மென்று எரியும், நானும் "ஒண்ணும் இல்லையே" என்று சொல்லி அனுப்பிவிடுவேன், நீங்களும் அன்றைக்கு ராத்திரியே அதைத் தூக்கிக்கொண்டு வரப்பில் இறங்கிவிடுவீர்கள்.