முழுநிலவில் படகு வலிக்கும்போது கண்ணும் நீரும் செய்யும் வேலை

கோடைக்கால முழுநிலவு இரவுகளில், வழிகாட்டி ஒருவரின் துணையோடு, கேனோ எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகுகளில் குழுவாக ஏரியைச் சுற்றி வரும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. பெரும்பாலும் விளக்கில்லாமலே படகு வலிக்கிறார்கள். நிலவொளி போதும் என்பது இதற்குப் பாதி விடைதான். ஒரு பரப்பில் விழும் ஒளியை அளக்கும் அலகு லக்ஸ்; உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் என்றால், முழுநிலவின் ஒளி 0.3 லக்ஸைத் தொடுவதே அரிது. இவ்வளவு பெரிய இடைவெளியை ஈடுசெய்வது நமது விழித்திரைதான்.

விழித்திரையில் நிறம் காணும் கூம்பு செல்கள் சுமார் 60 லட்சமும், மங்கலான ஒளியை உணரும் கோல் செல்கள் சுமார் 12 கோடியும் உள்ளன. கோல் செல்களிலுள்ள ரொடாப்சின் என்னும் நிறமி வெளிச்சம் பட்டால் சிதைந்துவிடும். இருளில் அது மீண்டும் முழுமையாகச் சேர 30 நிமிடங்களுக்கு மேல் பிடிக்கும். ஒருவர் கைபேசித் திரையைச் சிறிது நேரம் பார்த்தாலே, இருளுக்குப் பழகிய கண்ணின் உணர்திறன் குறைந்துவிடும். கோல் செல்கள் ஆழ்ந்த சிவப்பு ஒளியை மிகக் குறைவாகவே உணர்வதால்தான் வழிகாட்டிகள் மங்கலான சிவப்பு விளக்கைப் பயன்படுத்துகிறார்கள். விழித்திரையின் நடுக்குழியில் கோல் செல்கள் இல்லை என்பதையும் மறக்கக் கூடாது: இருண்ட நீரில் மிதக்கும் மரக்கட்டையை நேராக உற்றுப் பார்த்தால் அது மறையும், சற்றே பக்கவாட்டில் பார்வையைத் திருப்பினால் தென்படும். நிலவொளி உண்மையில் சூரிய ஒளியைவிடச் சற்றுச் சிவந்ததாக இருந்தும், காட்சி நீலம் பாரித்துத் தெரிவதற்கும் கோல் செல்களே காரணம் எனக் கருதப்படுகிறது.

நீரின் பங்கு இன்னும் சுவையானது. அசைவற்ற நீரில் நிலவு ஒற்றை வட்டமாகத் தெரியும். சிற்றலை எழுந்தவுடன், ஒவ்வோர் அலையிலும் சரியான கோணத்தில் சாய்ந்திருக்கும் சிறு பரப்பு மட்டும் நிலவொளியை நம் கண்ணுக்குத் திருப்புகிறது. அத்தகைய பல்லாயிரம் மினுக்கங்கள் சேர்ந்து நம்மிடமிருந்து நிலவை நோக்கி நீளும் ஒளிப்பாதை ஆகின்றன. காற்று வலுத்து அலைகளின் சாய்வு கூடினால் பாதை அகலும். இந்த உறவைக் கொண்டே கடலியல் ஆய்வாளர்களான சார்லஸ் காக்ஸும் வால்டர் மங்க்கும், வானிலிருந்து எடுத்த சூரிய மினுக்கப் படங்களின் வழியே கடல் அலைகளின் சாய்வைக் கணக்கிட்டு 1954இல் வெளியிட்டார்கள். ஒளிப்பாதை ஒவ்வொருவருக்கும் தனித்தனி. பக்கத்துப் படகில் இருப்பவர் காணும் பாதை உங்களுடையது அன்று. ஆகவே உங்கள் பாதைக்குள் வரும் படகு கரிய நிழலுருவாகத் துல்லியமாகத் தெரியும். அதே படகு சில மீட்டர் விலகினால் இருளோடு கலந்துவிடும். குழுவை நெருக்கமாக வைத்திருக்க வேண்டிய முதன்மைக் காரணம் இதுவே என்பேன்.

கோடை முழுநிலவு தாழ்வாகவே செல்லும். முழுநிலவு சூரியனுக்கு நேரெதிரே இருப்பதால், கோடையில் சூரியன் உயர ஏறுமளவுக்கு அது தாழ்கிறது. 45 பாகை வட அட்சரேகையில் ஜூன் மாத முழுநிலவு உச்சிக்கு வரும்போதும் அடிவானிலிருந்து ஏறத்தாழ 21 பாகை உயரத்தில்தான் நிற்கும்; நிலவின் பாதை 5 பாகை சாய்ந்திருப்பதால் இது ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். தாழ்ந்த நிலவால் கரை மரங்களின் நிழல் நீண்டு விழுந்தாலும், ஒளிப்பாதைக்கு அது நல்லதே. நேர்மேலிருந்து விழும் ஒளியில் நீர் 2 விழுக்காட்டை மட்டுமே திருப்புகிறது. அடிவானிலிருந்து 10 பாகை உயரத்தில் வரும் ஒளியிலோ மூன்றில் ஒரு பங்கைத் திருப்புகிறது.

நாளைத் தேர்வதிலும் கவனம் தேவை. முழுநிலவு சூரியன் மறையும் நேரத்தையொட்டி எழுகிறது. பிறகு நாள்தோறும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாகும். அரைநிலவின் ஒளி முழுநிலவின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, ஏனெனில் பக்கவாட்டு வெயிலில் நிலவின் மேடுபள்ளங்களே தம் மேல் நிழல் வீழ்த்திக்கொள்கின்றன. கழிமுகங்களில் முழுநிலவையொட்டி ஓதமும் வலுக்கும் என்பதால் அங்கே நீரோட்ட நேரத்தையும் பார்த்தாக வேண்டும்.

சிவப்பு விளக்கு படகுக்குள் மட்டுமே உதவும். கடலில் மோதலைத் தடுப்பதற்கான சர்வதேச விதிகளில் 25ஆவது விதி, வழிசெலுத்து விளக்கு ஏற்றாத துடுப்புப் படகில் வெள்ளை ஒளி தரும் டார்ச்சோ விளக்கோ கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும் என்கிறது. மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்னதாகவே அதைக் காட்டவும் வேண்டும். இயந்திரப் படகின் ஒலி கேட்டவுடன் வழிகாட்டி அதை ஒலி வரும் திசையில், தன் குழுவினரின் கண்களில் படாதபடி காட்ட வேண்டும்.