டியூப்லைட் ஊதாவாகத் தெரிகிறதா?

மார்கழிக் கச்சேரிகளைப் படமெடுக்க தூரத்தை அருகில் காட்டும் 70-200 எஃப்/2.8 ஜூம் லென்ஸ் ஒன்று செகண்ட்ஹேண்டில் வருகிறது, எதைப் பார்த்து வாங்குவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். லென்ஸின் வெளிக்கூட்டில் இருக்கும் கீறல்களைப் பற்றித்தான் அவருக்குப் பெரிய கவலை. அதை விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது கண்ணாடியை.

எஃப்/2.8 சரியான தேர்வுதான். இந்த எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் திறப்பு பெரிதாகும். சபாவில் ஃபிளாஷ் போட முடியாது. எஃப்/4 லென்ஸைவிட இது இரண்டு மடங்கு ஒளியை உள்ளே விடும். லென்ஸின் குவியத்தூரமான 200 மில்லிமீட்டரை 2.8-ஆல் வகுத்தால் திறப்பின் அகலம் 71 மில்லிமீட்டர். அவ்வளவு அகலமான திறப்பு வேண்டும் என்பதால்தான் இந்தக் கனம். ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைச் சரிக்கட்டுமே தவிர மிருதங்க வித்வானின் விரலை நிறுத்தாது. அதற்கு ஷட்டர் வேகம் வேண்டும், வேகத்துக்கு ஒளி வேண்டும்.

சரி, திறப்பில் நுழைந்த ஒளி, படத்தைப் பதிவு செய்யும் சென்சார்வரை போய்ச் சேருமா? 2010-இல் கேனான் வெளியிட்ட 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பில் 23 கண்ணாடிகள், 19 தொகுதிகளாக இருக்கின்றன. ஒரு தொகுதிக்கு முன்னும் பின்னும் இரண்டு என, காற்றைத் தொடும் பரப்புகள் 38. வெறும் கண்ணாடியாக இருந்தால் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். 0.96-ஐ 38 முறை பெருக்கிப் பாருங்கள்: 0.21. ஐந்தில் ஒரு பங்குதான் தேறும்!

இதைக் காப்பாற்றுவது கண்ணாடியின் மேல் இருக்கும் கோட்டிங் என்ற மெல்லிய பூச்சு. பழைய ஒற்றைப் பூச்சு என்றால் மக்னீசியம் ஃபுளோரைடு, சுமார் 100 நானோமீட்டர் தடிமன். தலைமுடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. பூச்சுக்குள் பச்சை ஒளியின் அலைநீளத்தில் சரியாகக் கால்வாசி அது. ஒளியில் ஒரு பகுதி பூச்சின் மேற்பரப்பில் பட்டுத் திரும்புகிறது. இன்னொரு பகுதி அடியில் இருக்கும் கண்ணாடிவரை போய்த் திரும்புகிறது. போக கால், வர கால், மொத்தம் அரை அலை பின்தங்கிவிடுகிறது. ஒன்றின் முகடு மற்றொன்றின் பள்ளத்தில் விழ, திரும்பும் ஒளி பெருமளவு அழிகிறது. அந்த ஆற்றல் எங்கே போயிற்று? எங்கும் தொலையவில்லை, அழிந்த அளவு முன்னோக்கி லென்ஸுக்குள் போகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

1935-இல் கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மகுலா இத்தகைய பூச்சைக் கண்டுபிடித்தார். சில ஆண்டுகளில் அமெரிக்காவில் கேதரின் பிளாட்ஜெட், நீரின் மேல் மிதக்கும் ஒற்றை மூலக்கூறு படலங்களை ஆராய்ந்தபடியே, 44 படலங்களைக் கண்ணாடியில் அடுக்கிப் பிரதிபலிப்பை மறையவைத்தார். தண்ணீரில் மிதக்கும் படலத்தை ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டுப் பணத்தை நிறுத்தியிருந்தால்? நம் ஊரில் ஆய்வு நிதிக்கு விண்ணப்பிப்பவர்களிடம் உடனடிப் பயனைக் கேட்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

கடையில் செய்ய வேண்டிய சோதனையும் இதிலிருந்தே வருகிறது. லென்ஸைச் சாய்த்து அதில் டியூப்லைட்டின் பிம்பத்தைப் பாருங்கள். நடுவில் இருக்கும் பச்சை உள்ளே போய்விடுவதால், மிஞ்சும் சிவப்பும் நீலமும் ஊதாவாகத் தெரியும். பல அடுக்குப் பூச்சு என்றால் பச்சை, மஞ்சள் சாயலும் வரும். எங்காவது ஒரு திட்டில் மட்டும் பிம்பம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால், அங்கே பூச்சு தேய்ந்துவிட்டது.

அப்புறம் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழைகள் தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. சென்னைக் காற்றின் ஈரம் அதற்குக் கொண்டாட்டம். தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் தின்று அது விடும் அமிலம் பூச்சை அரிக்கிறது. வெயிலில் வைத்தால் சரியாகும் என்பார்கள். ஃபங்கஸ் சாகலாம், அரித்த பூச்சு திரும்ப வராது. அரிசி டப்பாவில் போட்டு வைப்பதை தயவுசெய்து நிறுத்துங்கள். அரிசி மாவுத்தூள் அதற்கு இன்னொரு தீனி. காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும்.

பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் சிறு ஃபங்கஸ் தெரியவே தெரியாது. விற்பவர் காட்டும் மாதிரிப் படங்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான். கச்சேரி மேடையோ, கறுப்புத் திரைக்கு முன் எரியும் விளக்கு. அரித்த இடத்தில் சிதறும் ஒளி கறுப்பைச் சாம்பலாக்கிவிடும். ஆகவே கடையிலேயே கேமராவில் மாட்டி, திறப்பை முழுதாக 2.8-இல் வைத்து, இருட்டு மூலையில் எரியும் ஒரு பல்பை எடுத்துப் பாருங்கள். பல்பைச் சுற்றிப் புகைபோலப் படர்ந்திருந்தால் விலை பேசவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.