அக்கிக்கு மாத்திரை: நாள் கணக்கையும் பாருங்கள், சிறுநீரகத்தையும் பாருங்கள்

"அத்தை நேத்து ராத்திரியிலிருந்து செவுத்துல எறும்பு ஊருதுன்னு கையால தட்டிக்கிட்டே இருக்காங்க டாக்டர்" என்றார் மருமகள். அந்த அம்மாவுக்கு 72 வயது, எடை 45 கிலோ. வலது விலாவிலிருந்து முதுகெலும்பு வரை பட்டையாகக் கொப்புளங்கள், அவற்றின் மேல் அக்கி எழுதிக் காய்ந்து வெடித்த காவி. மடியில் வைத்திருந்த கைகள் அவ்வப்போது வெடுக்கென்று துள்ளின. பக்கவாதமோ என்று மகன் பயந்துபோயிருந்தார்.

அவர்கள் கொண்டுவந்த பையைக் கொட்டிப் பார்த்தேன். வாலாசைக்ளோவிர் 1 கிராம் மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாளாகப் போட்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன வருஷம் அக்கி வந்தபோது எழுதிய சீட்டைக் காட்டி வாங்கியது. வலிக்கு டைக்ளோஃபெனாக்கும் சேர்த்து. சாப்பாடு இறங்கவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. மருந்து அக்கிக்கு உரிய மருந்துதான், பக்கத்து வீட்டுக்காரருக்கு அளவும் சரிதான். இந்த அம்மாவுக்கு அது மூன்று மடங்கு.

அவருடைய சர்க்கரை ஃபைலில் ஆறு மாதத்துக்கு முந்தைய கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவின் ரத்த அளவு) 1.4 என்று இருந்தது. "லேசாத்தான் கூட இருக்கு" என்று பலரும் விட்டுவிடுகிற எண் இது. ஆனால் வயது, எடை, பாலினம் சேர்த்துக் கணக்குப் போட்டால் அவருடைய சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 26 மில்லிதான் வடிகட்டுகிறது. அதே 1.4 உள்ள 25 வயது, 70 கிலோ இளைஞருக்கு அது 80 வரும். எண் ஒன்று, சிறுநீரகங்கள் வேறு. வடிகட்டும் அளவு 10-லிருந்து 29-க்குள் இருந்தால் அக்கிக்கு வாலாசைக்ளோவிர் 1 கிராமை ஒரு நாளைக்கு ஒரு முறைதான் தரவேண்டும். அசைக்ளோவிருக்கும் இப்படிக் குறைப்பு உண்டு. இரண்டும் உடலில் ஒரே மருந்தாகத்தான் வேலை செய்கின்றன, வெளியேறுவதும் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான். வெளியேற வழி குறுகினால் ரத்தத்தில் தேங்கி மூளையைக் குழப்பும். தண்ணீர் குறைந்த உடம்பில் சிறுநீரகக் குழாய்களிலேயே படிகமாகப் படிந்து அடைக்கவும் செய்யும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை அந்தச் சுமையைக் கூட்டும்.

அன்று அவருடைய கிரியேட்டினின் 2.3. மாத்திரையை நிறுத்தி, உள்நோயாளியாகச் சேர்த்து, டிரிப் ஏற்றினோம். குழப்பத்துக்கு மருந்துதான் காரணம் என்று வாசலிலேயே முடிவு கட்டிவிட முடியாது. அக்கியை உண்டாக்கும் கிருமியே மூளைக்குள் போனாலும் இப்படித்தான் ஆகும், அதற்கு மாத்திரை போதாது, நரம்பு வழியாக ஊசி மருந்து வேண்டும். ஆகவே அதையும் சோதித்துப் பார்த்தோம். நான்காம் நாள் காலை மருமகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் காப்பி கேட்டார். எல்லாருக்கும் இவ்வளவு சீக்கிரம் திரும்பாது. சிலருக்கு டயாலிசிஸ்வரை போகும்.

இதைப் படித்துவிட்டு அந்த மாத்திரையே ஆபத்து என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. அசைக்ளோவிர் அருமையான மருந்து. அதை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை வழிநடத்திய கெர்ட்ரூட் எலியன் 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். கிருமி புகுந்த செல்லுக்குள் அந்தக் கிருமியின் நொதிதான் இந்த மருந்தை முடுக்கிவிடுகிறது. நல்ல செல்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. சிறுநீரகம் சரியாக இருந்து, அளவும் சரியாக இருந்தால், பலருக்கும் இது தொந்தரவு தராது.

ஆனால் இது நேரம் பார்த்துத் தரவேண்டிய மருந்து. முதல் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். இங்கேதான் நம் ஊரில் நாள் ஓடிவிடுகிறது. முதலில் சூட்டுக் கொப்புளம் என்று ஒரு நாள், அக்கி எழுத ஒரு நாள், "மூணு நாள் எழுதணும்" என்று இன்னும் இரண்டு நாள். காவி பூசுவதால் எரிச்சல் சற்று அடங்கும் என்று பலர் சொல்கிறார்கள். மனதுக்கும் ஆறுதல். நரம்புக்குள் பெருகும் கிருமியை அது தொடாது. கடையில் வாங்கும் அசைக்ளோவிர் களிம்பும் அக்கிக்கு உதவாது. புதிய கொப்புளம் வந்துகொண்டே இருந்தாலோ, எதிர்ப்புச் சக்தி குறைந்தவராக இருந்தாலோ நான் 72 மணி தாண்டியும் தருகிறேன். கண் பக்கம் என்றால் மணி பார்ப்பதே இல்லை. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள், பார்வை போய்விடக்கூடும். காதில் கொப்புளமும் முகம் கோணுவதும் சேர்ந்து வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு அசைக்ளோவிர் என்றால் 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து முறை, 7 நாள். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று எழுதிக் கொடுப்பேன். விட்டுப்போன வேளைக்கும் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. கடையில் 200, 400 மாத்திரைகளும் உண்டு என்பதால் அட்டையில் உள்ள எண்ணைப் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். இதயத்துக்காகவோ சிறுநீரகத்துக்காகவோ தண்ணீர் அளவு குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, தாராளமாகக் குடியுங்கள். மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லுங்கள், அதன் அளவு ரத்தத்தில் கூடிவிடும். ஏழு நாள் முடிந்த பிறகும் எரிகிற வலி நீடித்தால் அது நரம்பு வலி, அதற்கு மருந்து வேறு. இதே மாத்திரையை இன்னொரு வாரம் நீட்டிப் பயனில்லை.

உதட்டிலும் பிறப்புறுப்பிலும் வரும் ஹெர்பிஸ் இதே குடும்பத்துக் கிருமி, அளவு வேறு. பிறப்புறுப்பில் முதல் முறை வந்தால் அசைக்ளோவிர் 400 மில்லிகிராம் மூன்று வேளை, 7 முதல் 10 நாள் என்பது வழக்கம். வெட்கப்பட்டுக்கொண்டு, மாத்திரை அட்டையை ஃபோட்டோ எடுத்து நண்பருக்கு அனுப்பி அளவு கேட்பவர்களைப் பார்க்கிறேன். என்னிடம் கேளுங்கள், உங்கள் ஊர் மருத்துவரிடம் கேளுங்கள். நாங்கள் யாரையும் எடைபோட உட்காரவில்லை. கர்ப்பிணி என்றால் கண்டிப்பாக நேரில் வாருங்கள்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அக்கி எழுதும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், மண்பாண்டம் செய்கிற குடும்பம். இரண்டு வருஷத்துக்கு முன் அவரைத் தேடிப் போய்ப் பேசினேன். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. கொப்புளம் எப்போது வந்தது என்று மட்டும் கேளுங்கள், உடைந்த கொப்புளத்தின் மேல் பூசாதீர்கள், அன்றைக்கே என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டேன். போன வாரம் ஒருவர் வந்தார். தோளில் கொப்புளத்தைச் சுற்றிக் காவி இன்னும் ஈரமாக இருந்தது. "காலைல ஆறு மணிக்குப் பாத்தேன், அய்யா எழுதிட்டு நேரா இங்க போகச் சொன்னாரு. கிட்னி ரிப்போர்ட் இருந்தா எடுத்துக்கிட்டுப் போன்னாரு" என்று மஞ்சள் பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார்.