நீல அச்சை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?

போன மாதம் பழைய மாணவி ஒருவர் தன் சயனோடைப் படத்தை, அதாவது வெயிலில் எடுக்கும் நீல அச்சை, துண்டில் சுற்றி எடுத்துவந்தார். வகுப்பில் கேமரா இல்லாமல், வேப்பங்கொத்தைத் தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டி எடுத்த படம். அன்று இலைகளைச் சுற்றி இருந்த கருநீலம் இப்போது துவைத்து வெளுத்த பள்ளிச் சீருடை மாதிரி இருந்தது. "மருந்து சரியில்லையா சார்?" என்றார். எங்கே மாட்டியிருந்தீர்கள் என்று கேட்டேன். மேற்கு ஜன்னலுக்கு எதிரே.

"இங்கேயே விட்டுட்டுப் போங்கம்மா" என்றேன். கண்ணாடிச் சட்டத்திலிருந்து கழற்றி, காற்றுப் புகும் இருட்டு அலமாரியில் வைத்தேன். மூன்று வாரத்தில் நீலம் பெருமளவு திரும்பிவிட்டது.

மாயம் ஒன்றுமில்லை. ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரண்டையும் கலந்து தாளில் பூசுகிறோம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட இடத்தில் இரும்பு வேதிமாற்றம் அடைந்து, பிரஷ்ய நீலம் உண்டாகிறது. 1842இல் ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை இது. மறு ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை இப்படிப் பதிவு செய்யத் தொடங்கினார். ஆனால் முடிந்த படத்தின்மேலும் வெளிச்சம் தொடர்ந்து விழுந்தால் அந்த நீலம் நிறமற்ற வடிவத்துக்கு மாறுகிறது. இருட்டில், காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை மீண்டும் நீலமாக்குகிறது.

வெளிச்சத்தால் வெளுத்ததை இப்படி மீட்கலாம்; காரத்தால் போனது போனதுதான். தூசி துடைக்கிறேன் என்று சோப்புத் தண்ணீர் தொட்டு, நடுவில் மஞ்சள் திட்டோடு வந்த படங்களைப் பார்த்திருக்கிறேன். மனசு வலிக்கும். ஆவணங்களைப் பாதுகாக்க என்று விற்கும் தாள்கள் சிலவற்றில் கால்சியம் கார்பனேட் என்ற காரப் பொருளைச் சேர்த்திருப்பார்கள். மற்றப் படங்களுக்கு நல்லது, சயனோடைப்புக்கு ஆகாது. கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், வீட்டில் செய்பவர்கள் கவனிக்க: மீந்த கரைசலைக் கழிவறையில் ஊற்றிவிட்டு மேலே ஆசிட் ஊற்றவே கூடாது. ஃபெர்ரிசயனைடோடு வலுவான அமிலம் சேர்ந்தால், அதிலும் சூடு சேர்ந்தால், நச்சு வாயு வரக்கூடும். கரைசல் கலக்கிய கிண்ணம் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கையுறை போடுங்கள்.

அந்த மாணவியின் படம் இப்போது அவர் வீட்டு நடையில், வெயில் எட்டாத சுவரில் இருக்கிறது. கோடையில் இரண்டு மாதம் அலமாரியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.